மிலிட்டரி பையோடு அனந்தகிரி வரை

செகந்திராபாத் ஸ்டேஷனில் விகாராபாத் பாசஞ்சருக்காக நிற்கும்போதே எனக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. மெட்டுகுடாவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் அப்படி ஒன்றும் தூரம் இல்லை. தினமும் சனத்நகரில் லேத் வேலைக்குப் போகிறவன் நான், நடக்கச் சோம்பேறி கிடையாது. ஆனால் அன்றைக்கு என் காலில் இருந்தது அண்ணனுடைய மிலிட்டரி பூட்ஸ். அவன் எட்டு, நான் ஏழு. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் உள்ளே கால் தனியாகவும் பூட்ஸ் தனியாகவும் நடந்தன.

டிஸ்போசல் கடைகளில் விற்கிற, பட்டாளம் கழித்துப்போட்ட மிலிட்டரி சாமானை வாங்கலாமா, வீட்டுக்கும் ஊர் சுற்றவும் அது உதவுமா என்று என்னோடு வேலை பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ரவி ஒரு சர்க்கார் ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தான். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டு மார் அளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அதற்குப் பிறகு சம்பளம் வாங்கினால் டிஸ்போசல் கடைக்குத்தான் போவான். தோளில் மாட்டும் பை, கம்பளி உறை போட்ட தண்ணீர் பாட்டில், ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு சாப்பாட்டு டின், பூட்ஸ், கழுத்து நுழைய நடுவில் ஓட்டை வைத்த பெரிய மழைப் போர்வை. அந்தப் போர்வையைக் கடைக்கார பாய் 'கேப்' என்பார். மெழுகு ஏற்றிய கித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அனந்தகிரி மலைக்குப் போய்விடுவான். இந்தக் கோடையில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தான். சாமான்கள் மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின.

அம்மாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்தாலும் மூடினாலும் அவனே நிற்கிற மாதிரி இருக்கிறது என்பாள். ஒருநாள், கடைக்கார பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். நான் முடியாது என்றேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"அவன் ஞாயித்துக்கெழம ஆனா போற மலைக்கு நாமளும் ஒரு தடவை போவோம். எல்லாத்தையும் எடுத்துக்க. எது நெஜமாவே உபயோகப்படுதோ அது வீட்ல இருக்கட்டும். மத்தது திங்கக்கெழம கடைக்கு. சும்மா ஆணியில மாட்டி வெச்சு என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

"யாரு முடிவு பண்றது?"

"நாந்தான்."

நான் முன்ஜாக்கிரதையாகக் கடைக்குப் போய் பாயிடம், "அம்மா லாயீ தோ நக்கோ போலோ பாய்" என்று கேட்டுக்கொண்டேன். அம்மா கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அம்மாகு நக்கோ கைசா போலூங் மியான்?" என்றார். அம்மாவுக்கே எப்படி இல்லை என்பது! அதோடு அந்த வழியும் போயிற்று.

ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பாமல் நாங்கள் மலைக்கோயில் ஏறுவதில்லை. அனந்தகிரியில் இருப்பதோ பத்மநாப சுவாமி கோயில். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நான் எங்க ஏறறேன்? பஸ்ஸு ஏறுது. கோயிலுக்குள்ள காலை வெக்க மாட்டேன், அவ்ளோதான்" என்று சாமிக்கும் தனக்கும் நடுவில் ஒரு சமாதானம் செய்துகொண்டாள்.

காலை ஏழு மணிக்கு வண்டி. விகாராபாத் எழுபது கிலோமீட்டர் சொச்சம். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து இருவருக்கும் டிக்கெட் எடுத்ததில் மீதிச் சில்லறை திரும்பி வந்தது. ஜன்னல் ஓரம் கிடைத்தது. பேகம்பேட் தாண்டி, சனத்நகரில் என் ஷெட்டின் தகரக் கூரையை அம்மாவுக்குக் காட்டினேன்.

"இதுவா? இந்த ஓட்டைக்கா தெனம் சட்டைய இஸ்திரி போட்டுப் போற?"

"ஹவ்மா."

"என்ன ஹவ்வு? ஆமான்னு சொல்ல வாய் வராதா?"

எங்கள் வீட்டில் இது தினமும் நடக்கிற சண்டை. அம்மா கும்பகோணம் பக்கம். எனக்கு வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சுதான் வரும், அதாவது இந்த ஊர்ப் பேச்சு.

எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும், ஒட்ட வெட்டிய முடி, பூப்போட்ட சட்டை, காலில் ரப்பர் செருப்பு, மடியில் ரெக்ஸின் சூட்கேஸ். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த யூனிட்டுப்பா?"

"யூனிட்டு இல்லீங்க. லேத்து."

"லேத்துக்கு இன்னாத்துக்கு இந்த பூட்ஸு?"

அவர் நிஜ சிப்பாய். வேலூர்ப் பக்கம். திருமலகிரியில் இருக்கிறாராம், லீவில் தாண்டூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இதெல்லாம் எப்படா கழட்டி எறியலாம்னு நாங்க லீவு கேக்கறோம். நீ காசு குடுத்து மாட்டிக்கினு வரியா? என் காலப் பாரு, ரப்பர் செருப்பு! சொர்க்கம்!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மிலிட்டரி சாமானில் இது முதல் தொந்தரவு. பச்சை நிறத்தில் எதையாவது மாட்டினால் ஊரே நம்மைச் சிப்பாய் என்று நினைக்கும். டீக்கடைக்காரன் சல்யூட் அடிப்பான். நிஜ சிப்பாய் வந்து யூனிட் கேட்டால் தலையைத் தொங்கப்போட வேண்டும்.

"அண்ணனோடது" என்றேன்.

"அண்ணன் எந்த யூனிட்டு?"

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அவன் பட்டாளத்துல இல்லப்பா. ஆசைப்பட்டான். எடுத்துக்கல."

"இப்ப எங்க இருக்காரு?"

"இல்லப்பா."

அவர் சிரிப்பு நின்றது. சங்கர்பள்ளி வந்ததும் எழுந்து, என் தோளில் இருந்த பையைப் பிடித்து, வாரைச் சுருக்கி, இடுப்பில் இடித்துக்கொண்டிருந்ததை விலாவுக்கு மேலே தூக்கிக் கட்டினார். "தொங்க வுட்டா கனக்கும். இப்படிப் போடு. பை மட்டும் நல்ல பைதான், பொய் சொல்லக் கூடாது" என்றார். அம்மா அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாமான் தப்பித்தது என்று நினைத்தேன்.

விகாராபாத்தில் இறங்கி, மலைக்கு பஸ். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் போகப் போகக் காற்றே வேறு. நம் ஊரில் ஆடி மாதத்தில்கூடப் புழுதியும் டீசல் புகையும்தானே? இங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் காடு. செம்மண் நனைந்து, பழுத்த மிளகாய் நிறத்தில் கிடந்தது. மேகம் மரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. அம்மா தலையை வெளியே நீட்டி, "இதுக்குத்தான் ஞாயித்துக்கெழம ஆனா ஓடினானா!" என்றாள். குரலில் கோபம் இல்லை. அண்ணன் போன பிறகு அவள் எதையாவது பார்த்து நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி பேசியது அப்போதுதான்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்குப் போகிற ரோட்டை விட்டு, காட்டுக்குள் இறங்கும் ஒரு ஒற்றையடிப் பாதையில் போனோம். கீழே ஓடை இருக்கிறது. நம் ஹைதராபாத்தில் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே மூசி, அது இந்த மலையில்தான் பிறக்கிறது. இங்கே பளிங்கு மாதிரி இருக்கிறது. கையில் அள்ளினால் ரேகை தெரிகிறது.

பூட்ஸைப் பற்றி இங்கே நல்லதும் சொல்ல வேண்டும். சேற்றில் அது எருமை மாதிரி போகிறது. வழுக்கவில்லை, முள் ஏறவில்லை. கொப்புளம் மட்டும் குதிகாலில் ஜாங்கிரி அளவுக்கு வந்துவிட்டது. அம்மா வெறும் ஹவாய் செருப்பில் வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சேறு அவள் புடவையின் பின்பக்கம் தெறித்தது. பாதி வழியில் செருப்பின் வார் பிய்த்துக்கொண்டது.

"இருமா, கத்தி இருக்கு, கயிறு இருக்கு" என்று பையைத் துழாவினேன். அண்ணன் எல்லாம் வைத்திருந்தான். நான் கயிற்றைத் தேடி எடுப்பதற்குள் அம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, வாரை உள்ளே இழுத்து, அடியில் குத்தி முடித்துவிட்டாள்.

"மிலிட்டரில ஊக்கு குடுப்பாங்களாடா?"

"தெரியலைமா."

"குடுக்கச் சொல்லு."

ஓடைக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு டின்னில் புளியோதரை, ஒரு டின்னில் தயிர் சாதம். டின்களின் கைப்பிடி மடங்கும், அடுப்பில் நேரே வைக்கலாம், கீழே விழுந்தால் நசுங்காது. ஆனால் மூடி கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று போகுமே தவிர ஒன்றை ஒன்று மூடாது. அம்மா இதை முன்கூட்டியே பார்த்து வாழையிலை வைத்துத் துணியால் கட்டியிருந்தாள். அப்படியும் கொஞ்சம் தயிர் பைக்குள் போய்விட்டது. "சண்டைக்குப் போறவங்க ரசம் சாப்பிட மாட்டாங்க போல" என்றாள். தண்ணீர் பாட்டில் உறையை ஓடையில் நனைத்து வைத்திருந்தேன், உள்ளே தண்ணீர் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. அம்மா இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். நான் பரீட்சை எழுதினவன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கோயில் பக்கம் ஏறி வந்தோம். அம்மா சொன்னபடி வாசலிலேயே நின்று, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அப்போதுதான் மழை பிடித்தது. தூறல், சாரல் என்று முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. ஒரேயடியாகக் கொட்டியது. வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள். பூ விற்கிற அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "ரா அம்மா, லோபலிகி ரா!" என்று உள்ளே வரச் சொல்லிக் கத்தினாள்.

"மைல உந்தி அம்மா, ராகூடது" என்றாள் எங்கள் அம்மா. தீட்டு இருக்கிறது, வரக்கூடாது என்று. இத்தனை வருஷத்தில் அவள் தெலுங்கு பேசி நான் கேட்டது காய்கறிக் கடையில் மட்டும்தான்.

நான் ஒரு புளியமரத்தடிக்கு அவளை இழுத்துப் போனேன். மரமும் ஒழுகியது. அப்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்காகத்தானே கேப்பைத் தூக்கி வந்தேன்! அண்ணன் இதைப் பற்றிச் சொல்லாத பெருமை இல்லை. "இடி விழுந்தாலும் ஒரு சொட்டு உள்ள வராதுடா" என்பான். பையிலிருந்து உருவி உதறினேன். அது தகடு மாதிரி விறைப்பாக நின்றது, மடிப்புகள் சடசடவென்றன. மிலிட்டரி சாமான் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேர் தலைக்கு மேலும் கூடாரம் போலப் பிடித்தேன்.

"பாத்தியாமா?"

"ம்" என்றாள்.

கொஞ்ச நேரம்தான். முதலில் என் கழுத்தில் ஒரு சொட்டு. பிறகு அம்மாவின் நெற்றியில். பிறகு மேலே மழை பெய்கிற மாதிரியே உள்ளேயும் பெய்தது. எனக்கு அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது, ஆனால் பட்டேன். எவ்வளவு அளந்தான்! இந்த ஓட்டைத் துணிக்கா இத்தனை பேச்சு? இனி அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்பது தெரிந்துபோயிற்று. எல்லாம் திங்கட்கிழமை கடைக்கு.

"என்னடா இது, பால் மாதிரி வடியுது?" என்றாள் அம்மா.

பார்த்தேன். கேப்பின் ஓரத்திலிருந்து விழுந்த சொட்டுகள் வெள்ளையாக இருந்தன. என் கை பிசுபிசுத்தது. அம்மாவின் புருவத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு மூக்கு நுனி வரை இறங்கியிருந்தது. அவள் விரலால் தொட்டு முகர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"கஞ்சிடா."

"என்னது?"

"கஞ்சி. நான் போட்டது."

அண்ணன் காரியம் முடிந்ததும் தீட்டுக் கழிக்க வீட்டுத் துணி முழுவதையும் அம்மா துவைத்தது எனக்குத் தெரியும். அதோடு இதையும் சோடா போட்டு அண்டாவில் வேக வைத்திருக்கிறாள். மெழுகு முழுக்கக் கரைந்து போயிருக்கிறது. அதன் பிறகு சாதக் கஞ்சியில் முக்கி எடுத்து, வெயிலில் காய வைத்து, மடித்து ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

"மழைக் கோட்டுக்கு யாராவது கஞ்சி போடுவாங்களாமா?"

"எனக்கு என்னடா தெரியும்! தண்ணில போட்டதும் தொளதொளன்னு ஆயிடுச்சு. அவனுக்குத் தொளதொளன்னு இருந்தா பிடிக்காது. டூட்டி பேண்ட்டு தானா நிக்கணும்பான். அவன் துணிக்குக் கடைசியா ஒரு தடவ…" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மீசையில் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது போல. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கேப்பைக் கீழே போட்டுவிட்டு மழையிலேயே நின்றோம். மண்டபத்திலிருந்து எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். தீட்டு என்கிறார்கள், இப்படிச் சிரிக்கிறார்களே என்று நினைத்திருப்பார்கள். சிரித்து முடிந்ததும் அம்மா கேப்பை எடுத்துப் பிழிந்து, சின்னக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவன் பொய் சொல்லலடா" என்றாள். "நல்லாத்தான் இருந்திருக்கும்."

மழை விட்டதும் டீக்கடையில் நனைந்த துணியோடு ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். திரும்பி வரும் பாசஞ்சரில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு உட்கார்ந்தேன். சொர்க்கம்தான், சிப்பாய் சொன்னது சரி. அம்மா முடிவு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழி நெடுகத் தூங்கிக்கொண்டே வந்தாள். அண்ணன் போன பிறகு அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. குதிகால் வீங்கியதில் வேலைக்குப் போகவில்லை. எழுந்து பார்க்கும்போது நன்றாக விடிந்திருந்தது. அம்மா இல்லை. கதவைச் சாத்திப் பார்த்தேன். ஆணியில் ஒன்றும் இல்லை. பை, பாட்டில், பூட்ஸ், எதுவும் இல்லை. கொல்லைக் கொடியில் கேப் மட்டும் வெறும் தண்ணீரில் அலசித் தொளதொளவென்று தொங்கியது. ஓட்டைத் துணியை மட்டும் பாய் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடிப் போய்த் தடுக்கலாம் என்றால் செருப்புகூட நுழையவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அம்மா தெரு முனையில் வந்தாள். முதலில் எனக்குத் தெரிந்தது இரண்டு முருங்கைக்காய். அவள் தோளுக்கு மேல் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. சிப்பாய் கட்டிக் கொடுத்தபடியே வாரைச் சுருக்கி, பையை விலாவோடு சேர்த்து மாட்டியிருந்தாள். இடுப்பில் தண்ணீர் பாட்டில். மோண்டா மார்க்கெட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"பூட்ஸை மட்டும் பாய்கிட்ட குடுத்துட்டேன்" என்றாள். "உன் கால நீயே பாரு. அவன் கால் உனக்கு எதுக்கு?"

"டின்னு?"

"அடுப்படியில இருக்கு. தோசை மாவு வெச்சிருக்கேன்."

பையை இறக்கி வைத்தாள். இரண்டு வீசை கனம் இருக்கும். கத்தரிக்காய், பீர்க்கங்காய், கொத்தமல்லி. மார்க்கெட்டில் ஒரு காய்க்காரி "மேஜர் சாப் ஆயே!", மேஜர் வந்துவிட்டார் என்று சல்யூட் அடித்தாளாம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பூட்ஸ் சொந்தக் காலுக்குச் சரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். டின்னுக்கு மூடி கிடையாது, தெரிந்து வாங்குங்கள். கேப்பை எக்காரணம் கொண்டும் உங்கள் அம்மா கையில் கொடுக்காதீர்கள். கொடியில் தொங்குகிற கேப்பில் நான் மெழுகுவர்த்தி வாங்கித் தேய்த்துப் பார்க்கப் போகிறேன். பைக்கு மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அம்மா முருங்கைக்காயை எடுத்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"பாரேன், ரெண்டு கையும் சும்மா இருந்துச்சுடா. வீசிக்கிட்டே வந்தேன்."